கிட்டோங்கா மேட்டில் ஐந்து நிமிடம்

"நாலு மணிக்கு வேன் வருது. உன் தங்கச்சி புருஷனை இரிங்கா ஜெயிலுக்கு ஏத்திடுவேன்" என்றார் போலீஸ் கார்ப்பரல் சாங்கா. "அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. கிழவர் கண்ணு முழிச்சா அடிதடி கேஸ். முழிக்கலைன்னா கொலைக் கேஸ்."

பன்னிரண்டு வருஷம் இரிங்கா பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிய கண்டக்டர் ஒபாதியா கிகோத்தி. எவர் எதைச் சொன்னாலும் அவன் வாயில் ஒரு பதில் தயாராக இருக்கும். இன்று அவன் கண் கடிகாரத்துக்குப் போனது. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கிட்டோங்கா மலை ரோட்டின் உச்சியில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில், அதன் சொந்தக்காரர் ஃபெஸ்டோ பெரியவர் ஸ்டோர் ரூமுக்குள் இரும்புக் குழாயால் பின்மண்டையில் அடிபட்டு விழுந்தார். இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். சத்தம் கேட்டு ஓடிப்போனவர்கள் பார்த்தபோது அவர் பக்கத்தில் மண்டியிட்டு இருந்தவன் லாரி டிரைவர் லாரென்ட்டி. ஒபாதியாவின் தங்கை ஃபெலிஸ்டாவின் புருஷன். ஃபெலிஸ்டாவுக்கு இது எட்டாவது மாசம்.

போலீஸுக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. லாரென்ட்டியின் லாரியில் மூன்று மாதத்துக்கு முன்னால் மாட்டிய, என்ஜினுக்குக் கூடுதல் காற்றை அடைக்கும் புது டர்போ போன வாரம் மண்டையைப் போட்டது. "மேடு ஏறி வந்த சூட்டோட என்ஜினை அணைச்சிருக்கான், அதான் போச்சு" என்று ஃபெஸ்டோ அவன் முதலாளியிடம் சொல்லிவிட்டார். வேலை ஊசலாடியது. ஞாயிற்றுக்கிழமை ஒபாதியாவின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த லாரென்ட்டி, "அந்தக் கிழவனை ஒரு நாள் இல்ல ஒரு நாள் பாத்துக்கறேன்" என்று பல்லைக் கடித்தான்.

அதைக் கேட்டது ஒபாதியா மட்டும். கார்ப்பரல் விசாரித்தபோது அதைச் சொன்னதும் ஒபாதியாதான். மறைக்க வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், அந்த நிமிஷம் அவனுக்கே மாப்பிள்ளை மேல் சந்தேகம். இது தங்கைக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்ற பயம் இரண்டு நாளாக அவனை விடவில்லை.

"நாலு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல?" என்று கேட்டாள் டெஸ்டேரியா செங்குலா.

"அக்கா, நீங்க போலீஸ்ல இருந்தப்ப எனக்கு சீனியர். அந்த மரியாதைக்கு நாலு மணி. நாலு அஞ்சு கிடையாது."

டெஸ்டேரியா பதினாலு வருஷம் டிராஃபிக் போலீஸ். வேலையை விட்டபின் இரிங்காவில் ஓர் அறை எடுத்து லாரி முதலாளிகளுக்காகத் துப்பறிகிறாள். ஒபாதியா அவளுக்கு உதவியாள், டிரைவர், சமயத்தில் வசை வாங்கும் பாத்திரம். சந்தேகப்படும் ஆள் கொடுக்கும் டீயை அவள் குடிப்பதில்லை. அதனால் வருஷத்தில் பாதி நாள் அவள் டீயே குடிப்பதில்லை என்பது ஒபாதியாவின் கணக்கு.

ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே சிகுஜுவாவின் சப்பாத்திக் கடை. சிகுஜுவா என்றால் 'எனக்குத் தெரியாது' என்று அர்த்தம். அந்த ரோட்டில் அவளுக்குத் தெரியாத சங்கதி எதுவும் கிடையாது.

"மொதல்ல லாரென்ட்டி உள்ள போனான்" என்றாள் அவள், கல்லில் மாவைப் போட்டபடி. "அப்புறம் பெரியவரோட மருமகன் எலுத்தேரி வந்தான். கீழ ம்புயுனியில ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கான்ல, அவன்தான். மேடு ஏறி வந்து, இங்க ஒரு மாட்டு லாரி நின்னுச்சு பாரு, அதுக்கு அந்தப் பக்கம் பிக்கப்பை நிறுத்தினான். என்ஜின் ஓடிட்டே இருந்துச்சு. நான் ரெண்டு சப்பாத்தி போட்டு எடுத்தேன். அப்ப ஸ்டோர் உள்ள தடால்னு ஒரு சத்தம், அலமாரி சாஞ்ச மாதிரி."

"அப்பவும் பிக்கப் ஓடிட்டு இருந்துச்சா?"

"ஓடிட்டேதான் இருந்துச்சு. மூணாவது சப்பாத்தியைத் திருப்பிப் போட்டேன், அப்பதான் நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல எலுத்தேரி லாரியைச் சுத்திட்டு வந்து இஞ்சி டீ கேட்டான். அதுக்குள்ள உள்ளேயிருந்து லாரென்ட்டி 'ஐயோ, ஓடி வாங்க'ன்னு கத்தறான்."

"எலுத்தேரி சீட்ல உக்காந்திருந்ததை நீ கண்ணால பாத்தியா?"

"அதான் மாட்டு லாரி மறைக்குதே!"

"அப்புறம் எப்படி உக்காந்திருந்தான்னு கார்ப்பரல்கிட்ட சொன்ன?"

சிகுஜுவா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "என்னம்மா கேள்வி இது? என்ஜின் ஓடுச்சுங்கறேன். இந்த மேட்டுல ஓடற என்ஜினை விட்டுட்டு எவனாவது எறங்குவானா? அவன் ஒண்ணுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வண்டி அடுத்த டவுன் மக்காம்பாக்கோவுல வித்துப் போயிருக்கும்."

அது சரிதான். கிட்டோங்கா மேட்டில் அது எழுதாத சட்டம். மூச்சு முட்ட ஏறி வரும் வண்டியை உச்சியில் நிறுத்தி, நாலைந்து நிமிஷம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டு, டர்போ சூடு தணிந்த பிறகே அணைப்பார்கள். அந்த நேரம் முழுக்க டிரைவர் சீட்டை விட்டு அசைய மாட்டான். என்ஜின் ஓடுகிறது என்றால் சீட்டில் ஆள் இருக்கிறான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று ஒபாதியாவுக்குப் புரியவில்லை.

"அக்கா, சப்பாத்தி சாட்சி சொல்லிடுச்சு. அடி விழுந்தப்ப எலுத்தேரி வண்டியில. வேற ஆளைப் பாப்போம்."

"வேற யாரு?"

"அதான் தெரியல. தெரிஞ்சா நான் உங்களுக்கு சம்பளம் குடுப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. ஸ்டோர் ரூமைப் பார்த்து நடந்தாள்.

சாய்ந்த அலமாரி அப்படியே கிடந்தது. முன்வாசல் சப்பாத்திக் கடையைப் பார்த்து இருந்தது. பின்வாசல் தண்ணீர்க் குழாய்க்குப் போனது. பக்கவாட்டில் இன்னொரு சின்னக் கதவு, டயர்க் குவியலுக்குள் திறந்தது. வேலை மேஜையில் ஒரு டர்போ பிரித்துப் பரப்பி வைக்கப்பட்டிருந்தது.

"லாரென்ட்டியோட வண்டியில இருந்து கழட்டினது" என்றார் கூடவே வந்த கார்ப்பரல். "செவ்வாய்க்கிழமை காலையில பெரியவரே பிரிச்சிருக்கார். அவன் என்ன சொல்றான்னா, பெரியவர் அவனைக் கூப்பிட்டு, 'தம்பி, நீ சொன்னது சரி, தப்பு உன் மேல இல்ல, எலுத்தேரியை வரச் சொல்லியிருக்கேன்'னு சொன்னாராம். இவன் சந்தோஷமா பின்பக்கம் கை கழுவப் போனானாம். சத்தம் கேட்டு ஓடி வந்தானாம். மாட்டிக்கிட்டவன் வேற எப்படிச் சொல்லுவான்?"

"ஓபா, இங்க வா. சூட்டோட அணைச்ச டர்போவோட உள்பக்கம் எப்படி இருக்கும்?" என்றாள் டெஸ்டேரியா.

பஸ்ஸில் இருந்தபோது மூன்று டர்போவுக்குக் காரியம் செய்தவன் ஒபாதியா. "எண்ணெய் உள்ளேயே நின்னு கருகிப் போயிடும். சட்டியில அடிப்பிடிச்ச பீன்ஸ் மாதிரி கரி கரியா ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"இதுல?"

அவன் நடுத்தண்டைக் கையில் எடுத்துத் திருப்பினான். கரியே இல்லை. துடைத்து வைத்த மாதிரி பளபளத்தது. ஆனால் வெகுவாகத் தேய்ந்திருந்தது. மூன்று மாதத்தில் அப்படித் தேயாது. வெளிக்கூட்டின் மேல் புது வெள்ளி பெயின்ட். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்ட தடம்.

"பழசு!" என்றான். "அக்கா, இது பழசு. பெயின்ட் அடிச்சுப் புதுசுன்னு மாட்டியிருக்காங்க. மாப்ள சொன்னது உண்மை. அவன் சூட்டோட அணைக்கவே இல்ல."

"ஒர்க்‌ஷாப்புக்கு சாமான் வாங்கித் தர்றது யாரு?"

"எலுத்தேரி" என்றார் கார்ப்பரல் மெதுவாக. "ஆனா அவன்தான் வண்டியில இருந்தானே."

ஒபாதியாவின் நெஞ்சில் ஏறிய மகிழ்ச்சி பாதியில் நின்றது. கிழவர் உண்மையைச் சொல்வதற்கு முன்பே லாரென்ட்டி கையை ஓங்கியிருந்தால்? அந்த எண்ணம் வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் எண்ணம் போகவில்லை.

டெஸ்டேரியா அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். "உன் மாப்பிள்ளையை நீயே நம்பலையா?"

"நம்பறேன்க்கா." தண்டை மேஜையில் வைத்தான். "நம்பணும்னு ஆசைப்படறேன்."

"ஆசைக்கு கோர்ட்ல இடம் கிடையாது. ஒரு வேலை செய். வெளிய நிக்கற டிரைவர்ங்க ஒவ்வொருத்தன்கிட்டயும் போய், மேடு ஏறினதும் அந்த அஞ்சு நிமிஷம் சீட்ல உக்காந்து என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுட்டு வா."

"இதைக் கேட்டா என்னைப் பைத்தியம்பாங்க."

"புதுசா ஒண்ணும் சொல்லிட மாட்டாங்க. போ."

பத்து நிமிஷத்தில் ஒபாதியா திரும்பி வந்தான். கேட்டு வந்ததில் அவனுக்கே உற்சாகம் தொற்றியிருந்தது.

"ஒருத்தன் ஜெபமாலை உருட்டறான். அஞ்சு நிமிஷத்துல ஒண்ணரைச் சுத்து வருதாம். ஒருத்தன் கண்ணாடியில பாத்து மூக்கு மயிர் புடுங்கறான். அந்த நீல லாரிக்காரன் மூத்த சம்சாரத்துக்கு இங்க போன் பண்றான், இளையவளுக்கு மக்காம்பாக்கோவுல. எடத்தை மாத்தினா பேர் கொழம்பிடுமாம். இன்னொருத்தன் காது குடையறான். கடைசி ஆள் ஷூவைக் கழட்டிட்டு கால் விரலை ஒவ்வொண்ணா சொடக்கு எடுக்கறான்."

"யாராவது யோசிச்சாங்களா?"

"யோசிக்கவா? கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்றாங்க. ஒருத்தன் செஞ்சே காட்டிட்டான், மூக்கு மயிர்க்காரன். இன்னும் குமட்டுது."

"சரி, வண்டியை எடு. எலுத்தேரியையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வருவோம்."

அவளுடைய பழைய சுஸுக்கி பிரேக் நாற்றத்தோடு மலையை விட்டு இறங்கியது. கீழே ம்புயுனியில் ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்பு வெங்காய மூட்டைகள். எலுத்தேரியின் கடை வாசலில் அந்த வெள்ளை பிக்கப் நின்றது. எலுத்தேரி முப்பத்தைந்து வயதுக்காரன். இஸ்திரி போட்ட சட்டை, மாமனாருக்காக வைத்துக்கொண்ட சோக முகம்.

"அக்கா, உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"வேணாம்ப்பா. வயித்துக்கு ஒத்துக்கல."

போச்சு, இவன் மேல் சந்தேகம் என்று ஒபாதியா மனதுக்குள் எழுதிக்கொண்டான். அவள் கண் காட்டியதும் வெளியே நழுவி, பிக்கப்பின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். காது கடைக்குள் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை நீ வண்டியிலயே இருந்தியாமே?"

"நாலஞ்சு நிமிஷம் இருந்திருப்பேன். மேடு ஏறின வண்டியை உடனே அணைக்கலாமா? டர்போங்கறது நெருப்புல சுத்தற சாமான்க்கா. அணைச்சா எண்ணெய் ஓட்டம் நின்னுடும், கருகிடும். எத்தனை டிரைவருக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்! லாரென்ட்டி கேட்டானா? கேட்டிருந்தா மாமாவுக்கு இந்தக் கதி வந்திருக்காது."

"அந்த அஞ்சு நிமிஷம் என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்னா?"

"சீட்ல உக்காந்து என்ன பண்ணுவ? எப்பவும்."

கடைக்குள் நாற்காலி கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"சும்மா... சும்மா உக்காந்திருப்பேன்."

"தினமும் மேடு ஏறுற. தினமும் அஞ்சு நிமிஷம் சும்மாவா?"

"இல்ல, ரேடியோ. ரேடியோ கேப்பேன்."

பிக்கப்பில் ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுர ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்குள் ஒரு சீப்பும் பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலமும் இருந்தன.

திரும்பி ஏறும் வழியில் ஒபாதியா அதைச் சொன்னபோது அவன் குரல் கீச்சிட்டது. "பொய்யன்க்கா! முழுப் பொய்யன்! ஆனா என்ஜின் ஓடுச்சே. அதுக்கு என்ன பண்றது? அவன் ஸ்டோர்ல இருந்தா, சீட்ல யாரு? பேயா?"

"வண்டிக்குள்ள வேற என்ன பாத்த?"

"டேஷ்போர்டு பூரா ஒரு விரல் தூசி. ஸ்டீயரிங் பக்கத்துல மட்டும் சிகரெட் பாக்கெட் அளவுக்கு ஒரு எடம் தூசியில்லாம சுத்தமா இருக்கு. ஏதோ புனிதர் படம் ஒட்டியிருந்திருப்பான். பாவம் பண்ணினதும் கழட்டிட்டான் போல."

சுஸுக்கி முக்கி முக்கி ஏறியது. ஒரு வளைவில் டெஸ்டேரியா மெல்லத் தொடையில் தட்டிக்கொண்டாள். அவளுக்கு என்னவோ புரிந்துவிட்டது என்று ஒபாதியாவுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டாலும் சொல்ல மாட்டாள் என்பதும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினான்.

மேலே வந்தபோது மணி இரண்டே முக்கால். அவள் கார்ப்பரலின் காதில் ஏதோ சொன்னாள். கார்ப்பரல் தலையை இடமும் வலமும் ஆட்டினார், பிறகு மேலும் கீழும் ஆட்டினார். போனை எடுத்தார்.

"எலுத்தேரியா? சாங்கா பேசறேன். ஸ்டோர்ல இருக்கற டர்போ பெட்டியை எல்லாம் பிரிச்சு, ஒவ்வொண்ணா நம்பர் பாத்து எழுதப் போறேன். அரை மணியில ஆரம்பிக்கிறேன். வர்றதுன்னா வா, வராட்டி பரவால்ல."

ஒபாதியா ரோட்டோரம் நின்று காத்திருந்தான். வேன் நாலு மணிக்கு வரும். மூன்று பத்து. மூன்று இருபது. தங்கையின் நினைப்பு வந்தது. எலுத்தேரி வரவில்லை என்றால்? ஓடிப்போயிருந்தால்? மலைக்குக் கீழே ஒரு டீசல் என்ஜின் இரண்டாம் கியரில் அலறும் சத்தம் கேட்டது. லாரிகளை முந்திக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, வெள்ளை பிக்கப் உச்சிக்கு வந்தது.

"ஓபா, அவன் முகத்தைப் பாக்காத. கையைப் பாரு" என்றாள் டெஸ்டேரியா.

பிக்கப் சரளையில் சறுக்கி நின்றது. எலுத்தேரி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். சாவியைத் திருகி உருவினான். கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தான். எல்லாம் ஒரே வீச்சு. அணைந்த என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

உடனே எலுத்தேரி திடுக்கிட்டுத் திரும்பி வண்டியைப் பார்த்தான்.

ஒரு கால் தரையில், ஒரு கால் உள்ளே, கையில் சாவி. இரண்டு விநாடி அப்படியே நின்றான். பிறகு அவசர அவசரமாக ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டு, என்ஜினை மறுபடி ஓடவிட்டான். சுற்றி நின்ற டிரைவர்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். மூக்கு மயிர்க்காரன் 'ச்சு' கொட்டினான்.

டெஸ்டேரியா நிதானமாக நடந்து போய் ஜன்னலில் கையை வைத்தாள்.

"அணைச்சது யாரு எலுத்தேரி?"

"நான்தான்க்கா. அவசரத்துல மறந்துட்டேன்."

"அவசரத்துல மறக்கறவன் என்ஜினை ஓடவிட்டுட்டே குதிச்சு ஓடுவான். நீ சாவியை உருவின. சரி, மறந்தே போச்சுன்னு வெச்சுக்குவோம். நீயே அணைச்ச என்ஜின் நின்னதுக்கு நீ எதுக்கு திடுக்கிட்ட?"

எலுத்தேரியின் கை சாவியைத் தேடிப் போனது.

"நான் சொல்றேன். உன் கைக்கு அது புதுசு. சாவியை உருவினாலும் இந்த வண்டி ஓடிட்டே இருக்கும்னு உன் கைக்கு வருஷக்கணக்கா பழக்கம். ரெண்டு நாளா ஜாக்கிரதையா இருந்திருப்ப. இன்னைக்கு பதட்டம், கை பழையபடி போயிடுச்சு."

"சாவி இல்லாம ஓடுமா?" என்றார் கார்ப்பரல்.

"ஓடும். நான் டிராஃபிக்ல சேர்ந்த புதுசுல, மார்க்கெட் வாசல்ல ஒரு வண்டி கதவு பூட்டி, ஆள் இல்லாம ஓடிட்டு நின்னுச்சு. சுத்தி நூறு பேர் சிலுவை போட்டுக்கிட்டு நிக்கறாங்க, பேய் வண்டின்னு. நானும் ரெண்டு அடி தள்ளித்தான் நின்னேன். பாத்தா உள்ள ஒரு சின்னப் பெட்டி. ஜப்பான்ல இருந்து பழசா வர்ற வண்டி சிலதுல மாட்டியிருப்பாங்க. சாவியை எடுத்துட்டு நீ உன் வேலையைப் பாக்கப் போகலாம். அது நிமிஷத்தை எண்ணி, டர்போ ஆறினதும் தானே அணைச்சிடும். சாங்கா, ஸ்டீயரிங்குக்குக் கீழ பாரு."

கார்ப்பரல் எலுத்தேரியை இறக்கிவிட்டு, தொப்பையை மடக்கிக் கீழே குனிந்தார். "ஒயர் வெட்டியிருக்கு. டேப் சுத்தியிருக்கு. டேப் புதுசு, ஒரு பொட்டு தூசி இல்ல."

ஒபாதியாவுக்கு அப்போதுதான் தூசியில்லாத அந்த இடம் உறைத்தது. புனிதர் படமாவது மண்ணாங்கட்டியாவது! ஓடிப்போய் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து, டேஷ்போர்டு பெட்டியைக் குடைந்தான். பூப்போட்ட கிட்டெங்கே துணி முடிச்சு ஒன்று. பிரித்தான். சிகரெட் பாக்கெட் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ஜப்பான் எழுத்து, வெட்டுப்பட்ட நாலு ஒயர்.

"இதைத் தூக்கி ஆத்துல போடறதுக்கு என்ன கேடு உனக்கு?" என்றான் ஒபாதியா, நிஜமான ஆச்சரியத்தோடு.

"நல்லா வேலை செய்யற சாமான்" என்று முணுமுணுத்தான் எலுத்தேரி. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் புத்தி, செத்தாலும் போகாது.

பிறகு அவனாகவே கீழே உட்கார்ந்துவிட்டான், சரளையில், இஸ்திரிச் சட்டையோடு. "நான் அடிக்கணும்னு போகல. மாமா போன்ல கூப்பிட்டார். வந்து எறங்கினேன், டயர்ப் பக்கமா உள்ள போனேன். அந்தப் பிரிச்ச டர்போவைக் காட்டினார். 'என் பேரைச் சொல்லி எத்தனை டிரைவர் பொழப்பைக் கெடுத்த? என் பொண்ணை இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்'னார். திரும்பிட்டார். குழாய் கைக்கு எட்டற எடத்துல இருந்துச்சு. திரும்பி வந்து பாத்தா, வண்டி அப்பத்தான் நிக்குது. எல்லாரும் நான் உள்ளதான் உக்காந்திருந்தேன்னு நெனச்சுட்டாங்க. நான் ஒரு பொய்யும் சொல்லல, மொதல்ல. அவங்களே சொன்னாங்க."

"நானா சொன்னேன்?" என்று கரண்டியோடு வந்தாள் சிகுஜுவா. நாலு டிரைவர்கள் சேர்ந்து அவளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

வேன் சொன்னபடி நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்தது. ஏறியவன் எலுத்தேரி. காகிதங்களில் கையெழுத்துப் போட்டு முடிய இன்னும் அரை மணி ஆனது. டெஸ்டேரியா சுஸுக்கியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "நீ போய்க் கூட்டிட்டு வா. இது உங்க குடும்ப விஷயம்."

லாரென்ட்டி கயிறு இல்லாத ஷூவோடு வெளியே வந்தான். இரண்டு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"பெரியவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டான் முதலில்.

"இன்னும் முழிக்கல. ஆனா இன்னைக்கு மதியம் கையைப் பிடிச்சா திருப்பிப் பிடிக்கறாராம்."

"ஃபெலிஸ்டா?"

"நல்லா இருக்கா. வீட்டுல இருக்கா." வழியெல்லாம் ஒபாதியா ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேலி வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "மாப்ளே, ஞாயித்துக்கிழமை நீ எங்க வீட்டுல சொன்னதை..."

"தெரியும் மச்சான். கார்ப்பரல் எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டினார். கீழ உன் பேர் இருந்துச்சு."

ஒபாதியா ஸ்டேஷன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"நேத்து ஃபெலிஸ்டா உகாலிக் களி கொண்டு வந்தா" என்றான் லாரென்ட்டி. "யாரு இதைப் போட்டுக் குடுத்ததுன்னு அழுதுக்கிட்டே கேட்டா. சப்பாத்திக் கடையில நான் கோபமா பேசினதை எவனோ டிரைவர் கேட்டுட்டு வந்து சொல்லிட்டான்னு சொன்னேன்."

"ஏன்? ஏன் அப்படிச் சொன்ன?"

"ஜெயிலுக்குப் போகப்போறேன்னுதான் நெனச்சேன். குழந்தை பொறக்கறப்ப அவ பக்கத்துல உன்னை விட்டா யாரு இருக்கா? உன்னையும் அவ வெறுத்துட்டா என்ன பண்ணுவா?"

பன்னிரண்டு வருஷம் பஸ் நிறைய ஜனங்களை வாயாலேயே அடக்கியவன், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, குழந்தை மாதிரி அழுதான். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், நான் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். லாரென்ட்டி அவன் தோளில் கையைப் போட்டு, அழுகை ஓயும் வரை நின்றான்.

"அவகிட்ட நீயே சொல்லணும்னா சொல்லு" என்றான் பிறகு. "ஆனா குழந்தை பொறந்த பெறகு சொல்லு."

ஒபாதியா தலையை ஆட்டினான். இருவரும் சுஸுக்கியை நோக்கி நடந்தார்கள்.